வொண்டர்வால்: இரண்டு விரல்கள் அசையாமல் ஒரு பாட்டு. கிட்டாரில் முழுதாகக் கற்க ஒரு வழிகாட்டி

கிட்டார் வாங்கிய முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் வந்து, "வொண்டர்வால் கத்துக்கோ, ரொம்ப ஈஸி" என்று சொல்லிவிடுவார். ஒயாசிஸ் குழுவின் பாட்டு. நான்கு கார்டுகளின் (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) படத்தைப் பார்த்துக்கொண்டு, மேலிருந்து கீழாக நாலு தட்டு தட்டினால் ஏதோ அந்தப் பாட்டு மாதிரி கேட்கும். பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். என்னிடம் கற்க வந்தவர்களில் பலர் "அது எனக்குத் தெரியும் சார்" என்றுதான் தொடங்கினார்கள். வாசிக்கச் சொன்னால் கார்டுகள் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

சுலபம் என்ற பேச்சில் பாதிதான் உண்மை. இடது கைக்கு இது சுலபமான பாட்டு. வலது கைக்கு இல்லவே இல்லை. அதுவும் போக, இடது கைக்கு ஏன் சுலபமாக இருக்கிறது என்ற காரணத்திலேயே பாட்டின் அழகும் ஒளிந்திருக்கிறது. அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பயிற்சி. எனவே இந்த வழிகாட்டியில் சில படிகளில் நீண்ட நேரம் நிற்பேன், சிலவற்றை வேகமாகக் கடந்துவிடுவேன்.

முதலில் கதை, சுருக்கமாக

மான்செஸ்டரில் 1991-இல் உருவான குழு ஒயாசிஸ். பாட்டுகளை எழுதியவர் அண்ணன் நோயல் கேலகர், பாடியவர் தம்பி லியம் கேலகர். 1995-இல் தங்களுடைய இரண்டாவது ஆல்பத்தை வேல்ஸில் மான்மத் ஊருக்கு அருகிலுள்ள ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஓவன் மாரிஸும் நோயலும் தயாரிப்பாளர்கள். டிரம்ஸில் அலன் வைட் புதிதாகச் சேர்ந்திருந்தார். நோயலிடம் அப்போது இரண்டு பெரிய பாட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்றைத் தானே பாட வேண்டும் என்று விரும்பினார். லியம் வொண்டர்வாலை எடுத்துக்கொண்டார், 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' நோயலுக்கு வந்தது. தம்பி எடுத்த முடிவு சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. நோயலின் குரலில் இந்தப் பாட்டு ஒரு வேண்டுகோள் போல ஒலிக்கும். லியமின் குரலில் அதற்குள் ஒரு முரட்டுத்தனம் சேர்ந்து, கெஞ்சுவதற்கு வெட்கப்படும் ஒருவன் பேசுவது போல ஆகிவிடுகிறது.

சிங்கிளாக வெளிவந்தது 1995 அக்டோபர் 30. பிரிட்டனில் 2-ஆம் இடம் வரை போனது. ராப்சன், ஜெரோம் இருவரும் பாடிய ஒரு பழைய பாட்டின் புதுப் பதிப்பு முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முதலிடம், அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100-இல் 8-ஆம் இடம். 2020 அக்டோபரில் ஸ்பாட்டிஃபையில் 100 கோடி முறை கேட்கப்பட்ட பாட்டாக ஆனது.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு இதில் தனி ஆசை உண்டு. முதலில் இந்தப் பாட்டுக்கு 'விஷிங் ஸ்டோன்' என்றுதான் பெயர் இருந்தது. 'வொண்டர்வால்' என்ற சொல் ஜார்ஜ் ஹாரிசன் 1968-இல் வெளியிட்ட, அதே பெயர் கொண்ட படத்துக்கான இசைத்தட்டிலிருந்து வந்தது. அந்த இசைத்தட்டின் ஒரு பகுதி 1968 ஜனவரியில் பம்பாயில், எச்எம்வி ஸ்டுடியோவில் பதிவானது. சந்தூரில் ஷிவ்குமார் சர்மா, சரோதில் ஆஷிஷ் கான். மான்செஸ்டர்க்காரர்களின் பாட்டு ஒன்றின் தலைப்பைப் பின்தொடர்ந்து போனால் பம்பாயில் ஒரு சந்தூரிடம் போய் நிற்போம் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

படி 1: கிட்டாரைத் தொடாமல் மூன்று முறை கேளுங்கள்

4 நிமிடம் 18 விநாடி. மூன்று முறை கேட்டால் கால் மணி நேரம்கூட ஆகாது. இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கார்டுக்குப் போகிறவர்கள் பிறகு வாரக்கணக்கில் கஷ்டப்படுகிறார்கள்.

முதல் முறை அக்கூஸ்டிக் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். தொடக்கத்தில் குரல் வருவதற்கு முன் ஒரே கார்டுச் சுற்று நான்கு முறை வருகிறது. அதில் மிக மெல்லிய இரண்டு தந்திகளின் ஒலி, மற்றத் தந்திகளில் எது மாறினாலும், மாறாமல் மணி போல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதைக் காதில் பிடித்துவிடுங்கள்.

இரண்டாம் முறை, யார் எப்போது உள்ளே வருகிறார்கள் என்று பாருங்கள். கிட்டார் தனியாகத் தொடங்குகிறது, அப்புறம் குரல். டிரம்ஸ் உடனே வராது. முதல் சரணத்தின் முதல் பாதி முழுவதும் காக்க வைத்து, இரண்டாம் பாதிக்குத்தான் நுழையும். செல்லோ மாதிரி ஒன்று அடியில் இழைந்து வரும். அது உண்மையான செல்லோ இல்லை, மெல்லோட்ரான் என்ற கீபோர்டின் ஒலி.

மூன்றாம் முறை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 87 தட்டுகள். நான்கு கார்டுகள் கொண்ட ஒரு சுற்று எட்டுத் தட்டுகளில் முடிகிறது. ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்குக் கணக்கு கையிலேயே இருக்கிறது: ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரு சுற்று. லகுவின் நான்கு தட்டில் முதல் இரண்டு கார்டுகள், ஒவ்வொரு துருதத்துக்கும் ஒரு கார்டு. இசை வேறு என்றாலும் எண்ணுவதற்கு இது அருமையாக உதவும்.

படி 2: கிட்டாரும் கேப்போவும்

இரும்புத் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் வேண்டும். நைலான் தந்தியில் பழகலாம், ஆனால் அந்த மணி ஒலி வராது. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) மெல்லியதாக இருக்கட்டும், 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர். தடித்த பிக்கை வைத்துக்கொண்டு இந்த வேகத்தில் கையை ஓட்டினால் தந்தியில் மாட்டிக்கொள்ளும்.

கேப்போ என்பது எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி; ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள கம்பிகளால் பிரிந்த கட்டம். கேப்போவை 2-ஆம் ஃப்ரெட்டில் போடுங்கள். ஃப்ரெட் கம்பிக்குப் பக்கத்தில், அதை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் போட்டால் தந்தி கரகரக்கும். கேப்போ தந்திகளை இழுத்துச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிடும் என்பதால், முதலில் சுருதி சேர்த்துவிட்டு, கேப்போ போட்டபின் இன்னொரு முறை ஆறு தந்திகளையும் சரிபாருங்கள். போனில் ஏதாவது ஒரு டியூனர் ஆப் போதும்.

இனிமேல் நான் சொல்லும் ஃப்ரெட் எண்கள் எல்லாம் கேப்போவிலிருந்து எண்ணப்பட்டவை. தந்திகளில் 6 என்பது தடித்த தந்தி, 1 என்பது மெல்லிய தந்தி.

படி 3: அசையாத இரண்டு விரல்கள்

இந்தப் படியில்தான் பாட்டு இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

மோதிர விரலை 2-ஆம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். சுண்டு விரலை 1-ஆம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள். தெளிவாக ஒலிக்கிறதா? சரி, பாட்டு முடியும் வரை இவை அங்கிருந்து எழக்கூடாது. கார்டு மாறும்போதும் எழக்கூடாது. பாட்டில் வரும் ஒவ்வொரு கார்டும் இந்த இரண்டு விரல்களுக்குக் கீழே, ஆள்காட்டி விரலும் நடு விரலும் மட்டும் நகர்ந்து உருவாகிறது.

இது ஏன் இவ்வளவு நன்றாகக் கேட்கிறது? அந்த இரண்டு விரல்களும் பிடிக்கும் ஸ்வரங்கள், கேப்போவைக் கணக்கில் எடுக்காமல் மேற்கத்தியப் பெயரில் சொன்னால், டி, ஜி. ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அதற்குக் கீழே வரும் டி பஞ்சமம். கீழ்ப் பஞ்சமம், ஸட்ஜம்: தம்பூராவில் முதல் இரண்டு தந்திகளை மீட்டினால் வருகிற அதே உறவு. கீழே கார்டு எதுவானாலும் மேலே இந்தச் சுருதி நிற்காமல் ஓடுகிறது. நோயல் தம்பூராவை நினைத்து இதை எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இப்படி யோசித்துக்கொண்டு வாசித்தால் விரல் தானாக எழாமல் இருக்கும் என்பதை மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். சுருதிப் பெட்டியை யாரும் பாட்டின் நடுவில் அணைப்பதில்லை அல்லவா?

சுண்டு விரல் வலிக்கும். முதல் வாரம் எல்லோருக்கும் வலிக்கும். கட்டைவிரலை கிட்டார் கழுத்தின் பின்பக்கம் நடுவில் வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் சுண்டு விரலுக்கு எட்டும் தூரம் குறையும். அப்படியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பிடிக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு, கையை உதறிவிட்டு, திரும்ப வாருங்கள். தந்தி ஃப்ரெட்டிலிருந்து மிக உயரமாக நிற்கிற கிட்டாராக இருந்தால் குற்றம் உங்கள் விரலில் இல்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைத்து வாங்குங்கள்.

படி 4: ஐந்து கார்டுகள்

எண்களை 6-ஆம் தந்தியிலிருந்து 1-ஆம் தந்தி வரை வரிசையாகத் தருகிறேன். 0 என்றால் திறந்த தந்தி, கோடு போட்டிருந்தால் அந்தத் தந்தியை அடிக்கக்கூடாது. கடைசி இரண்டு எண்கள் எப்போதும் 3, 3 என்பதைக் கவனியுங்கள்.

ஈ மைனர் செவன்: 0 2 2 0 3 3. ஆள்காட்டி விரல் 5-ஆம் தந்தியில், நடு விரல் 4-ஆம் தந்தியில்.

ஜி: 3 2 0 0 3 3. ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே இருக்க, நடு விரல் மட்டும் 6-ஆம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டுக்குத் தாவுகிறது.

டி சஸ் ஃபோர்: – – 0 2 3 3. நடு விரலை எடுத்துவிட்டு, ஆள்காட்டி விரலை 3-ஆம் தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டில் வையுங்கள். சுற்றிலேயே பெரிய தாவல் இதுதான்.

ஏ செவன் சஸ் ஃபோர்: – 0 2 0 3 3. ஆள்காட்டி விரல் ஒரு தந்தி மேலே ஏறி 4-ஆம் தந்திக்கு வருகிறது. இங்கே சிலர் நடு விரலைப் பயன்படுத்துகிறார்கள். அடுத்து ஈ மைனர் செவனுக்குத் திரும்பும்போது நடு விரல் அங்கேயே இருக்கும் என்பதால் எனக்கும் அதுதான் வசதி.

சி ஆட் நைன்: – 3 2 0 3 3. நடு விரல் 5-ஆம் தந்தியின் 3-ஆம் ஃப்ரெட், ஆள்காட்டி 4-ஆம் தந்தியின் 2-ஆம் ஃப்ரெட். ஜி-யைப் பிடித்திருக்கும் கையை அப்படியே ஒரு தந்தி கீழே நகர்த்தினால் வந்துவிடும்.

முதல் நான்கும் அதே வரிசையில் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றில் மூன்றாவதையும் நான்காவதையும் தனியாக மீட்டிக் கேளுங்கள். மகிழ்ச்சியான மேஜர் கார்டாகவும் இல்லை, சோகமான மைனராகவும் இல்லை. ஒரு கார்டை மேஜர் அல்லது மைனர் என்று முடிவு செய்வது அதன் மூன்றாவது ஸ்வரம். இந்த இரண்டு கார்டுகளிலும் அந்த ஸ்வரமே கிடையாது. அதனால் ஒவ்வொரு சுற்றும் எதையோ சொல்ல வந்து, வாய் வரை கொண்டுவந்து, சொல்லாமல் நின்றுவிடுகிறது. பாட்டின் நடுவில் வரிகளும் அதையேதான் சொல்கின்றன: உன்னிடம் சொல்ல எத்தனையோ இருக்கிறது, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அந்தத் தவிப்பு கார்டிலேயே இருக்கிறது. இணையத்தில் சில இடங்களில் இவற்றைச் சாதாரண டி, ஏ என்று எளிமையாக்கிக் கொடுத்திருப்பார்கள். தயவுசெய்து அப்படி வாசிக்காதீர்கள். எளிமையாவது எதுவும் இல்லை, தவிப்புதான் போய்விடுகிறது.

பயிற்சி இப்படி: வலது கையை மறந்துவிட்டு, ஒரு கார்டுக்கு ஒரே ஒரு மீட்டு. மீட்டிவிட்டு, மெல்லிய இரண்டு தந்திகளின் ஒலி அணையாமல் அடுத்த கார்டுக்குப் போக முடிகிறதா என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு போக முடிந்த நாளில் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 5: வலது கை

முன்பே சொன்னேன், கஷ்டம் இங்கேதான். ஒவ்வொரு தட்டும் நான்காகப் பிரிகிறது. கை கீழ், மேல், கீழ், மேல் என்று நிற்காமல் ஓட வேண்டும். அடிக்கிறோமா இல்லையா என்பது வேறு விஷயம், கை மட்டும் நிற்கக்கூடாது.

இதற்குத் 'தகதிமி'யைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. த, தி இரண்டும் கீழ்நோக்கிய அடி. க, மி இரண்டும் மேல்நோக்கிய அடி. முதலில் தந்திகளை இடது கையால் லேசாகத் தொட்டு மௌனமாக்கிவிட்டு, மெட்ரோனோமை (சீரான வேகத்தில் தட்டிக்கொண்டே இருக்கும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, வாயால் தகதிமி சொல்லிக்கொண்டே நான்கும் அடியுங்கள். சக் சக் என்று மட்டும் கேட்கும். இரண்டு நிமிடம் தோள் இறுகாமல் அடிக்க முடிந்தால், அடிகளைக் குறைக்க ஆரம்பிக்கலாம்.

நான் சொல்லிக்கொடுக்கும் அடிப்படை வடிவம் நான்கு தட்டுகளுக்கானது. முதல் தட்டில் த, தி மட்டும் தந்தியில் படும். இரண்டாம் தட்டில் த, தி, மி. மூன்றாம் தட்டில் த, க, தி. நான்காம் தட்டில் மறுபடி த, தி, மி. சொல்லப்படாத எழுத்துகளின்போதும் கை காற்றில் அதே வேகத்தில் போய்வர வேண்டும். வாயும் மனதுக்குள் அந்த எழுத்தைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு தட்டு ஈ மைனர் செவன், அடுத்த இரண்டு ஜி. இதே வடிவத்தை மறுபடி வாசித்தால் டி சஸ் ஃபோரும் ஏ செவன் சஸ் ஃபோரும் வந்து ஒரு சுற்று முடியும்.

இது கையில் அமர்ந்தபின், மூன்றாம் தட்டின் த-வை விட்டுவிடுங்கள். இரண்டாம் தட்டின் கடைசி மி-யிலேயே அடுத்த கார்டு வந்துவிடும், மூன்றாம் தட்டு காற்றில் போகும், க-வில் மறுபடி தந்தி ஒலிக்கும். இந்தச் சிறிய முந்துதல் வந்ததும் பாட்டு நடக்க ஆரம்பிக்கும். பிறகு பதிவோடு சேர்ந்து வாசித்து, எங்கே கூட்டுகிறது எங்கே குறைக்கிறது என்று காதால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடியையும் அச்சாக நகலெடுக்க வேண்டியதில்லை. ஓட்டம் நிற்காமல் இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, எல்லா அடிக்கும் ஆறு தந்தியையும் அடிக்காதீர்கள். தட்டின் தொடக்கத்தில் தடித்த தந்திகள், நடுவில் வரும் மேல் அடிகளில் மெல்லிய மூன்று தந்திகள் என்று கை தானாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடித்தால் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். இரண்டு, கார்டு மாறும் கணத்தில் விரல் இன்னும் போய்ச் சேரவில்லையே என்று வலது கையை நிறுத்தாதீர்கள். கடைசி மேல் அடியில் இடது கை வழியிலேயே இருந்தாலும் பரவாயில்லை. அசையாத இரண்டு விரல்கள்தான் அங்கே இருக்கின்றனவே, அந்த அடி அவற்றின்மேல் விழுந்து நன்றாகவே ஒலிக்கும். இப்படித்தான் இடது கையின் ஏற்பாடு வலது கையைக் காப்பாற்றுகிறது.

50-இலிருந்து 87-க்கு ஒரே நாளில் போக முயலாதீர்கள். நாளுக்கு மூன்று, நான்கு என்று ஏற்றினால் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் மெட்ரோனோம் இல்லாமல், விடுதி அறையின் மின்விசிறிச் சத்தத்துக்கு வாசித்து, வேகம் ஏறிக்கொண்டே போகும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டேன். அதைத் திருத்தப் பல மாதங்கள் ஆயின.

படி 6: பாட்டின் வரைபடம்

முன்னிசை: நான்கு கார்டுச் சுற்று, நான்கு முறை.

முதல் சரணத்தின் முதல் பாதி: அதே சுற்று மூன்று முறை, பிறகு சி ஆட் நைன், டி சஸ் ஃபோர், ஏ செவன் சஸ் ஃபோர். அந்த சி ஆட் நைன் வரும் இடம்தான் பாட்டில் முதல் முறையாகக் கதவு திறப்பது. இந்த ஒரு கார்டைக் கொஞ்சம் அழுத்தி வாசியுங்கள். டிரம்ஸ் இதற்குப் பிறகு நுழைகிறது. இரண்டாம் பாதியின் முடிவில் இந்தத் திருப்பம் இல்லை, பழைய சுற்றே தொடரும். இங்கே பலர் பழக்கத்தில் சி-க்குப் போய்விடுவார்கள்.

அடுத்தது பல்லவிக்கு முந்தைய ஏற்றம்: சி ஆட் நைன், டி சஸ் ஃபோர், ஈ மைனர் செவன்; இது இரண்டு முறை. பின்பு சி ஆட் நைன், டி சஸ் ஃபோர், ஜி என்று போய், ஜி-யிலிருந்து ஈ மைனர் செவனுக்குப் படிக்கட்டு போல இறங்க வேண்டும். நடுப்படி இது: 2 – 0 0 3 3. ஆள்காட்டி விரல் 6-ஆம் தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டுக்கு வந்து, அதன் நுனிச் சதையால் 5-ஆம் தந்தியைத் தொட்டு மௌனமாக்கும். ஜி, இந்த நடுப்படி, ஈ மைனர் செவன். தடித்த தந்தியில் 3, 2, 0 என்று இறங்குவது தெளிவாகக் கேட்க வேண்டும். அதன் முடிவில் ஏ செவன் சஸ் ஃபோர் வந்து நிற்கும். அங்கே ஒரு மூச்சு.

பல்லவி: சி ஆட் நைன், ஈ மைனர் செவன், ஜி, ஈ மைனர் செவன், திரும்பத் திரும்ப. முதல் பல்லவி குறுகியது, ஒரு முறைதான். பிறகு இரண்டாம் சரணம், மறுபடி ஏற்றம், அப்புறம் பல்லவி இரண்டு மடங்கு. பாடுவது முடிந்தபின்னும் அதே பல்லவிக் கார்டுகளில் கருவிகள் மட்டும் தொடர்ந்து போகும். தனியாக வாசிப்பவர்கள் இந்த முடிவை வெட்டிவிடுகிறார்கள். நான்கு சுற்றாவது விட்டுவையுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் அடிகளைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்த இரண்டு தந்திகள் மட்டும் ஒலிக்க நிறுத்தினால் அழகாக இருக்கும்.

படி 7: பாடிக்கொண்டே வாசிப்பது

வலது கை தானாக ஓடாத வரை இதைத் தொடாதீர்கள். சோதனை எளிது: வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் நேற்றுச் சாப்பிட்டதைப் பற்றிப் பேசுங்கள். தாளம் தடுமாறாமல் பேச முடிந்தால் பாடவும் முடியும்.

சரணத்தின் மெட்டு அதிகம் ஏறி இறங்காது, பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரிகள் தட்டின்மேல் விழாமல் தட்டுக்கு முன்னும் பின்னும் விழும். அதனால் முதலில் பாடாமல், கிட்டாரோடு வரிகளை வெறுமனே பேசிப் பழகுங்கள். லியம் உயிரெழுத்துகளை இழுத்து, மூக்கோடு சேர்த்துப் பாடுவார். அது மான்செஸ்டரின் பேச்சோடு ஒட்டியது. நாம் அந்த உச்சரிப்பை நடித்தால் பொய்யாகத் தெரியும், உங்கள் குரலிலேயே பாடுங்கள். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: குரலில் நடுக்கம் சேர்க்காமல், ஒரு ஸ்வரத்தை நேராகப் பிடித்து நிறுத்துவது.

சுருதி உயரமாக இருந்தால் கேப்போவை எடுத்துவிடுங்கள், இரண்டு அரைப்படி இறங்கும். தாழ்வாக இருந்தால் 4, 5 என்று நகர்த்திப் பாருங்கள். விரல் பிடி ஒன்றும் மாறாது.

மாற்று வடிவங்களையும் கேட்டுப் பாருங்கள். 1996 ஆகஸ்டில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் எம்டிவி அன்பிளக்டுக்காகக் குழு வாசித்தபோது லியம் பாடாததால் நோயலே பாடினார். அமெரிக்கப் பாடகர் ரயன் ஆடம்ஸ் இதைத் தனிக் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியாக மீட்டி, இரவில் யாரையும் எழுப்பிவிடாமல் பாடுவது போலப் பாடியிருக்கிறார். நோயல் அதை மனம் திறந்து பாராட்டினார். ஸ்ட்ரம் செய்யாமல் (தந்திகளைச் சேர்த்து அடிக்காமல்) விரலால் மீட்ட விரும்புகிறவர்களுக்கு அதுதான் பாடம்.

படி 8: குழுவாக வாசித்தால்

கல்லூரி விழாக்களில் இதை வாசிக்கும்போது அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு, முதல் தட்டிலிருந்தே எல்லோரும் உள்ளே வந்துவிடுவது. டிரம்மரும் பேஸ் வாசிப்பவரும் முதல் பாதி முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டம் அதற்காகக் காத்திருக்கும், அந்த நுழைவுக்குக் கிடைக்கும் சத்தம் வேறு எதற்கும் கிடைக்காது. செல்லோ பகுதிக்கு வயலின் வாசிக்கும் நண்பர் இருந்தால் போதும், கீழ்த் தந்திகளில் நீண்ட வில்லாக இழுக்கச் சொல்லுங்கள். கீபோர்டில் செல்லோ ஒலி தேடினாலும் சரி. இரண்டாவது கிட்டார் இருந்தால் அதுவும் இதையே ஸ்ட்ரம் செய்ய வேண்டாம். பல்லவியில் மட்டும், ஒரு கார்டுக்கு ஒரு மீட்டு.

2025 ஜூலை 4-ஆம் தேதி, பதினாறு ஆண்டுகள் பிரிந்திருந்தபின், ஒயாசிஸ் மறுபடி மேடை ஏறியது கார்டிஃப் நகரில். பாட்டு பதிவான அதே வேல்ஸ் நாடு. கடைசிப் பகுதியில் இந்தப் பாட்டு வந்தது. அந்தக் காணொளிகளைத் தேடிப் பாருங்கள், ஒரு அரங்கமே சேர்ந்து பாடுகிறது. அத்தனை குரல்களுக்கும் அடியில் ஓடுவது, நீங்கள் படி 3-இல் பிடித்த அதே சுருதிதான். இப்போது கேப்போவைப் போடுங்கள், மோதிர விரல், சுண்டு விரல், 3-ஆம் ஃப்ரெட். மெட்ரோனோம் 50.